பத்து மடங்கு நீர்த்தால் அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சும் அளவு) இருபது மடங்கு இறங்குகிறது (அயோடின்), அவசரம்

பிப்பெட்டும்_நானும்: அயோடின் கரைசலை யுவி-விசிபிளில் (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் கருவி) ஓட்டுகிறேன். 352 நானோமீட்டரில் 1.14 வந்தது. சரியாகப் பத்து மடங்கு நீர்த்தேன், 0.11 வர வேண்டும் அல்லவா? 0.053தான் வருகிறது. மூன்று முறை புதிதாக நீர்த்தும் அதே கதை. 288இல் இருக்க வேண்டிய பீக்கும் சரியில்லை, புல் முளைத்த மாதிரி ஒரே இரைச்சல். கருவிக் கோளாறா? நாளை ரிப்போர்ட் கொடுக்கணும்.

தாமிரக்கம்பி: அயோடினை எதில் கரைத்தீர்கள்? செறிவு எவ்வளவு? எதை ஊற்றி நீர்த்தீர்கள்? என்ன குவெட் (கரைசலை ஊற்றிக் கருவியில் வைக்கும் சிறு குப்பி)?

ராத்திரி_ஷிப்ட்: டியூட்டீரியம் விளக்கு (கருவியில் புற ஊதா ஒளி தருவது) போச்சு. 350 பக்கம்தான் பல கருவிகளில் விளக்கு மாறும். எனக்கும் இப்படித்தான் ஆனது, மாற்றினேன், சரியானது.

பிப்பெட்டும்_நானும்: விளக்கு புதுசு. குவெட் வழக்கமானதுதான்.

தாமிரக்கம்பி: உங்கள் வழக்கம் எங்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, குவார்ட்ஸா?

மூடிபோடு: அயோடின் ஆவியாகிவிடும். குவெட்டுக்கு மூடி போட்டீர்களா?

நெடுநாள்_வாசி: பியர்-லாம்பர்ட் விதியை (செறிவு குறையும் அதே விகிதத்தில் அப்சார்பன்ஸும் குறையும் என்பது) முதலில் படித்துவிட்டு வரவும். வாரத்துக்கு ஒருவர் கருவியைக் குறை சொல்லிக்கொண்டு வருகிறார், கடைசியில் பார்த்தால் பிப்பெட் பிடிக்கத் தெரிந்திருக்காது.

தாமிரக்கம்பி: ஆவியானாலும் கை தவறினாலும் மூன்று முறையும் அதே எண் வருமா அண்ணா?

பிப்பெட்டும்_நானும்: மன்னிக்கவும். அயோடின் 0.05 மில்லிமோலார், பொட்டாசியம் அயோடைடு 0.01 மோலார். நீர்த்தது காய்ச்சி வடித்த நீரில். குவெட் பிளாஸ்டிக்.

தாமிரக்கம்பி: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். 352இல் நீங்கள் பார்ப்பது அயோடினை அல்ல, ட்ரைஅயோடைடை. அயோடினும் அயோடைடும் சேர்ந்தால்தான் அது உண்டாகும், சமநிலை மாறிலி சுமார் 700. அயோடைடு 0.01 மோலார் இருந்தபோது அயோடினில் ஏறக்குறைய 87 சதவீதம் ட்ரைஅயோடைடாக இருந்தது. தண்ணீர் ஊற்றியதும் அயோடைடும் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. இப்போது 41 சதவீதம்தான், மீதி பிரிந்து வெறும் அயோடினாகிவிட்டது. அது 460 பக்கம் லேசாகத் தலைகாட்டும், 352இல் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. மோலார் உறிஞ்சுதிறன் 26,000 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் 1.14, 0.053 இரண்டும் அப்படியே வரும். கை சுத்தமாகத்தான் இருக்கிறது.

அயோடைடை 0.1 மோலாராக்கி, நீர்ப்பதையும் அதே அயோடைடு கரைசலிலேயே செய்யுங்கள். பிளாங்க்கும் (அயோடின் சேர்க்காத ஒப்பீட்டுக் கரைசல்) அதே பாட்டிலில் இருந்து. பழைய அயோடைடு கரைசல் காற்று பட்டு மஞ்சளாகியிருந்தால் அதிலேயே ட்ரைஅயோடைடு இருக்கும், அதைத் தொடாதீர்கள். 288க்கு குவார்ட்ஸ் வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் அங்கே ஒளியை விடாது. போதாததற்கு அயோடினைக் குடித்துப் பழுப்பாகவும் ஆகும்.

மூடிபோடு: எதற்கு இந்த அயோடைடுத் தொல்லை? எத்தனாலில் கரைத்தால் போச்சு.

ராத்திரி_ஷிப்ட்: எத்தனாலிலும் பழுப்புதானே. பழுப்பு என்றாலே ட்ரைஅயோடைடு.

நெடுநாள்_வாசி: தவறு. ஹெக்சேனில் அயோடின் ஊதா, 520 பக்கம். ஆல்கஹாலில் கரைப்பானே அயோடினோடு ஒட்டிக்கொள்வதால் அந்தப் பட்டை 450 பக்கம் நகர்ந்து பழுப்பாகிறது. பென்சீனில் இந்த ஒட்டுதலை பெனெசியும் ஹில்டிபிராண்டும் 1949லேயே அளந்துவிட்டார்கள்.

ராத்திரி_ஷிப்ட்: நாலு நாள் கிடந்த எத்தனால் கரைசலை ஓட்டிப் பாருங்கள், 360 பக்கம் மேடு எழும்பும். அது ட்ரைஅயோடைடு இல்லாமல் வேறு யார், உங்கள் பென்சீனா?

நெடுநாள்_வாசி: அது பழைய கரைசல். நான் புதியதைச் சொன்னேன்.

ராத்திரி_ஷிப்ட்: அதை முதலில் சொல்லவில்லையே. விளக்கையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பிப்பெட்டும்_நானும்: 0.1 மோலாரில் புதிதாகக் கலக்கினேன். 1.28, பத்து மடங்கில் 0.128. நன்றி! குவார்ட்ஸ் குவெட் வேறொருவர் கையில் இருக்கிறது, 288 அப்புறம்தான்.

தாமிரக்கம்பி: பிளாங்க் எதை வைத்தீர்கள்?

தாமிரக்கம்பி: ஹலோ?