மறு: ஃபோவேடருக்கு "குற்றிகாவி"?

ஐயா வணக்கம்,

காட்டில மரம் தறிச்சு ஏத்துற மெசினுகளுக்கு நீங்கள் அனுப்பின தமிழ்ச்சொல் பட்டியல் பார்த்தன். ஹாவெஸ்டருக்கு "தறிபொறி" நல்லாயிருக்கு, ஏனெண்டால் "அறுவடை இயந்திரம்" எண்டு எழுதினால் இஞ்ச கிளிநொச்சி வவுனியாப் பக்கம் ஆருக்கும் வயலில நெல்லு வெட்டுற மெசின்தான் நினைவில வரும், மரத்தைப் பிடிச்சுத் தறிச்சு கொப்பு வழிச்சு அளவாத் துண்டு போடுற சாமான் வராது.

ஆனா ஸ்கிடருக்கும் ஃபோவேடருக்கும் சேர்த்து "மர இழுவை இயந்திரம்" எண்டு போட்டதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். மண் பாதிப்பைப் பற்றி எழுதுறவைக்கு அந்த வித்தியாசம்தான் உயிர். ஸ்கிடர் குற்றியின்ர, அதாவது தறிச்ச மரத்துண்டின்ர, ஒரு நுனியைத் தூக்கிப்போட்டு மற்ற நுனி நிலத்தில உரசிக்கொண்டு வர இழுக்கும், மேல்மண் கிளறுப்படும், வழியில நிக்கிற சின்ன மரங்களின்ர பட்டையும் உரியும். ஃபோவேடர் தன்ர கிறேன் கையால குற்றியளை அள்ளி முதுகில அடுக்கிக் காவிக்கொண்டு போகும். உரசல் இல்லை, ஆனா அவ்வளவு பாரமும் சில்லுக்குக் கீழ இறங்கி மண் இறுகும், அதாலதான் சுவீடன் பின்லாந்தில தறிபொறி வழிச்ச கொப்பு குழையைப் பாதையில பரப்பிவிட்டு அதுக்கு மேலால ஓட்டுகினம். மாரியில பெட்டி பூட்டின உழவு மெசின் காட்டுப்பாதையால போய்ப் பார்த்த ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, கார்த்திகையில விழுந்த சில்லுத்தடம் பங்குனியில கல்லுமாதிரிக் கிடக்கும்.

காவுறது குற்றிகாவி, இழுக்கிறது குற்றியிழுவி. குற்றி எண்ட சொல் ஒருத்தருக்கும் புதுசில்லை, முதிரைக் குற்றி பிடிபட்ட செய்திதான் அடிக்கடி பேப்பரில வருதே!

இலங்கையில 1990 இலயே இயற்கைக் காட்டில தறிக்கிறதை நிப்பாட்டியாச்சு, பிறகேன் இந்தச் சொல்லெல்லாம் எண்டு ஒருத்தர் கேட்டிருந்தார். தேக்கந்தோட்டங்கள் கிடக்குத்தானே. அதோட உணவு விவசாயத் தாபனம் 1996 இல வெளியிட்ட காட்டு அறுவடை நடைமுறைக் கோவை மாதிரியானதுகளைத் தமிழில சொல்ல வெளிக்கிட்டால் முதல் பக்கத்திலயே முட்டுப்படுவம்.

குற்றிகாவியைப் பற்றி இன்னொரு தம்பி இப்பிடிக் கேட்டிருந்தார்:

> காவின்னா எங்க ஊர்ல நிறம்தான் ஞாபகம் வரும், கிண்டல் பண்ணுவாங்க. "சுமப்பி"ன்னு வச்சா என்ன?

தம்பி, எங்கட பிள்ளையள் கணக்குப் பாடத்தில வெக்டரைக் காவி எண்டுதான் படிக்குதுகள், நுளம்பை நோய்க்காவி எண்டு சொல்லுறம், காவுதடி எண்டால் கோயிலடியில நிக்கிற கிழவனுக்கும் தெரியும். தனிய "காவி" எண்டு நிண்டால் நிறம் எண்டு மயங்கலாம், முன்னால குற்றி நிக்கேக்க ஆர் மயங்கப்போகினம்? சுமப்பி கெட்ட சொல் இல்லை, மாற்றுச்சொல்லாப் பக்கத்தில கிடக்கட்டும். ஆனா சுமக்கிறது எண்டால் பாரம் தாங்குறது மட்டும்தான் எனக்குப் படுது, காவுறது எண்டேக்க ஓரிடத்தால இன்னோரிடம் கொண்டுபோறதும் சேர்ந்து வருது. இந்த மெசின்ர வேலையும் அதுதான்.

ஸ்கிடர் போற பாதைக்கு "இழுவைத்தடம்" எண்டு போடுங்கோ, அதில சண்டை இல்லை. பாதையில பரப்புற கொப்பு குழைக்குத்தான் இன்னும் ஒண்டும் சரிவரேல்லை. "குழைப்படுக்கை" எண்டு யோசிச்சன், வயலுக்குக் குழை தாக்கிற ஆக்கள் பசளை எண்டு நினைப்பினமோ தெரியாது. முல்லைத்தீவுப் பக்கம் மர வேலைக்குப் போற ஆக்களிட்ட ஆராவது கேட்டு எழுதுங்கோ.