இங்கிலாந்தில் கிளம்பும்போது சொல்வதற்கெல்லாம் என்ன பதில் சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம். தங்கை நர்ஸ் வேலைக்காக பர்மிங்ஹாம் போயிருக்கிறாள். ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் அங்கே ஆட்கள் கிளம்பும்போது சொல்கிறவைதான் பிடிபடவில்லை என்கிறாள். அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

கடையில் பில் போடுபவர்கூட 'சீ யூ லேட்டர்' என்கிறாராம். அன்றைக்கே மறுபடி பார்ப்போம் என்ற கணக்கெல்லாம் இல்லை, நாம் 'போயிட்டு வரேன்' என்பது மாதிரிதான் என்று சொல்லிவைத்தேன். 'சியர்ஸ்' நன்றிக்கும் ஆகும், விடைபெறவும் ஆகும். அதுவும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

குழப்பம் போனில்தான். கூட வேலை பார்க்கும் ஒரு அம்மா, பேச்சு நடுவே 'ரைட், ஐ வில் லெட் யூ கோ' என்றாராம். இவள் 'பரவாயில்லை, எனக்கு அவசரமில்லை' என்று பேச்சைத் தொடர, அந்தப் பக்கம் 'ம்' மட்டும்தான் வந்ததாம். 'வைக்கட்டுமா' என்று நேராகக் கேட்காமல், நமக்கு வேலை இருக்கும் என்பதுபோல நயமாகச் சொல்வது அது என்று நினைக்கிறேன். சரிதானா? அதற்கு வழக்கமாக என்ன பதில் சொல்வார்கள்?

அப்புறம், ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் சிலர் 'டரா அ பிட்' என்கிறார்கள். அந்த வட்டாரத்துப் பேச்சு, 'அப்புறம் பார்க்கலாம்' என்று பொருள். இவளும் திருப்பி அதையே சொன்னால் இயல்பாக இருக்குமா, கிண்டல் செய்வதாக எடுத்துக்கொள்வார்களா? புது இடத்தில் யார் மனசும் நோகக்கூடாது என்று ரொம்பவே யோசிக்கிறாள். தெரிந்தவர்கள் அவசியம் எழுதுங்கள்.