புதுப்பிப்பு: ஜூனிப்பர் மர ஓவியம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் நடந்தபோது பார்த்த முதிய யூட்டா ஜூனிப்பரை நீர்வண்ணத்தில் வரைகிறேன், பட்டுப்போன கிளைக்கு என்ன நிறம் கொடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சாம்பல் என்றீர்கள். அதுதான் பொருந்தியது. அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தைக் கலந்தேன்; பக்கத்தில் செம்மணற்கல் இருப்பதால் அந்தச் சாம்பலில் நீலம் லேசாகத் தூக்குகிறது, அழகாக இருக்கிறது.

கடும் வறட்சியில் இந்த மரம் ஒரு கிளைக்குப் போகும் நீரை நிறுத்திவிட்டு மற்றதைக் காப்பாற்றிக்கொள்ளுமாம். அது தெரிந்தபின், பட்ட கிளையையும் பச்சைக் கிளையையும் ஒரே முறுக்கில் சேர்த்தே வரைகிறேன். சொரசொரப்பான தாளில் உலர்ந்த தூரிகையை இழுத்தால் மரநார் அப்படியே எழும்பி வருகிறது!

அப்புறம், மெழுகு பூத்த அந்த நீலக் காய்கள் மட்டும் பாக்கி. முடித்ததும் படம் போடுகிறேன்.