சித்தப்பாவின்ர 20 பேர்ச்

குழு: கோணேசர் துணை, எங்கட குடும்பம்
வெள்ளிக்கிழமை, பின்னேரம் 4.12

சித்தப்பா: "சொந்தக் காசு ஒரு ரூபாயும் இல்லாமல் 90 நாளில் காணி முதலாளி ஆகுங்கள்! உப்புவெளியில் இலவசக் கருத்தரங்கு. 40 இருக்கைகள் மட்டுமே. முந்துங்கள்!"

சித்தப்பா: போன ஞாயிறு போனனான். நல்ல விளக்கம். அடுத்ததுக்கு எங்கட ஆக்களும் வாங்கோ.

கம்பஸ் தம்பி: அப்பா, சாப்பாடு என்ன குடுத்தவை?

சித்தப்பா: புரியாணி. பகிடி விடாத.

நான்: சித்தப்பா, இலவசம் எண்டு சொல்லிப்போட்டு பிறகு காசு கேட்டவையோ?

சித்தப்பா: கூட்டம் இலவசம்தான் பிள்ளை. 3 நாள் பயிற்சிக்குத்தான் 85,000. இண்டைக்கு 6 மணிக்குள்ள கட்டினால் 60,000. ரெண்டு பேரைச் சேர்த்து விட்டால் 20,000 எனக்குத் திரும்பி வரும்.

சின்னம்மா: எந்த 60,000?

நிலாவெளி அக்கா: ஆருக்கும் கணவாய் வேணுமோ? இப்பதான் கரைக்கு வந்தது.

நியூ ஜேர்சி மாமா: மச்சான், விடியக்காலமை எழும்பினதும் இதைத்தான் வாசிக்கிறன். இஞ்சயும் அச்சொட்டா இதே கூத்துத்தான். 2019இல சுரிக்ஸ் எண்ட கொம்பனிக்கு எதிரா கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. வீடு வாங்கி விக்கிற ரீவி ஆக்களின்ர பேரைக் காட்டி ஹோட்டலில இலவசக் கூட்டம். அங்க 1,997 டொலருக்கு 3 நாள் பயிற்சி. அதில போய் இருந்தால் அடுத்த படி, 41,297 டொலர் வரைக்கும். கடன் அட்டையின்ர எல்லையைக் கூட்டச் சொல்லி, அந்தக் காசையே பயிற்சிக்கு வாங்கினவை எண்டு வழக்கில இருக்கு.

சித்தப்பா: அது அமெரிக்கா. இவை எங்கட ஆக்கள். பயிற்சி முடிய முதல் காணியையும் அவையே காட்டுவினம். குச்சவெளியில 20 பேர்ச் காணி, கடலுக்கு 150 மீற்றர். முற்பணம் குடுத்து எழுதிப்போட்டு ஹோட்டல்காரனுக்கு ரெண்டு மடங்குக்குக் கைமாத்தலாம்.

நான்: சொந்தக் காசு வேண்டாம் எண்டவை, பிறகு முற்பணம் ஆரின்ர காசு?

சித்தப்பா: அதைப் பயிற்சியில சொல்லுவினம்.

உவர்மலைப் பெரியப்பா: காணிப் பத்திரம் ஏதும் தந்தவங்களோ? படமெடுத்துப் போடு.

(படம்)

உவர்மலைப் பெரியப்பா: தம்பி, இது காணி உறுதிப் பத்திரமே இல்லை. உறுதியெண்டால் மேல இலக்கம் இருக்கும், கீழ நொத்தாரிசின்ர கையெழுத்தும் முத்திரையும் ரெண்டு சாட்சியும் இருக்கும். வலப்பக்க மூலையைப் பெருப்பிச்சுப் பார். பிரதேச செயலாளரின்ர முத்திரை. அனுமதிப்பத்திரம் இது. அரச காணி, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில ஆரோ ஒரு குடியானவனுக்குப் பயிர் செய்யக் குடுத்தது. செயலாளரின்ர எழுத்து அனுமதி இல்லாமல் வித்தால் செல்லாது. காணிப் பதிவகத்தில 31 வருசம் இருந்தனான். இந்தமாதிரிக் கடதாசியோட வந்து அழுத சனம் எத்தினை பேர்.

உவர்மலைப் பெரியப்பா: இன்னொண்டு. கடலுக்கு 150 மீற்றர் எண்டால் கரையோர வலயம். 300 மீற்றர் வரைக்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின்ர அனுமதி எடுக்காமல் கட்டேலாது. ஹோட்டல்காரன் வந்தால் முதல் அதைத்தான் கேப்பான். நீ என்ன காட்டுவாய், புரியாணிப் பார்சலையோ?

சித்தப்பா: அண்ணா, அங்க ஒரு ஆசிரியர் மேடையில ஏறிச் சொன்னவர். 3 மாசத்தில வான் வாங்கிட்டாராம். கண்ணால கண்ட ஆள்.

கம்பஸ் தம்பி: நீலச் சேட்டுக்காரரோ அப்பா? மட்டக்களப்பு விளம்பரத்திலயும் நிக்கிறார். அங்க அவர் மீன் வியாபாரி. அதே சேட்டுத்தான்.

நிலாவெளி அக்கா: 😂😂

நான்: சித்தப்பா, ஆள் சேர்த்தால் காசு எண்டதுதான் எனக்குப் பயம். அது பிரமிட் வேலை மாதிரிக் கிடக்கு, பிறகு சேருற ஆக்களின்ர காசில முதல் சேர்ந்தவைக்குக் குடுக்கிறது. வங்கித்தொழில் சட்டத்தில அதை நடத்துறதும் குற்றம், அதுக்கு விளம்பரம் செய்யிறதும் குற்றம். தடை செய்த நிறுவனங்களின்ர பேரை மத்திய வங்கி வெளியிட்டிருக்கு. ஆனால் நேற்றுத் தொடங்கினவன்ர பேர் அதில இருக்காது, அதால பேர் இல்லையெண்டு நம்பிப்போடாதேங்கோ. முதலில இந்தக் குழுவில போட்ட அந்த அறிவித்தலை அழியுங்கோ.

*இந்தச் செய்தி அழிக்கப்பட்டது*

உவர்மலைப் பெரியப்பா: காணி வாங்க ஆசையெண்டால் திங்கட்கிழமை என்னோட பதிவகத்துக்கு வா. எந்தக் காணியெண்டாலும் 30 வருசத்து ஏட்டைப் புரட்டி, ஈட்டில கிடக்கோ, ரெண்டு பேருக்கு எழுதிக் கிடக்கோ எண்டு பார்ப்பம். அதுக்கு 60,000 போகாது.

சின்னம்மா: அலுமாரியில ஒரு காப்புத்தான் கிடக்கு. மற்றது எங்க?

சின்னம்மா: உங்களைத்தான் கேக்கிறன்.

சித்தப்பா: அடைவு வைச்சிட்டன். ஆனால் அவைக்கு இன்னும் காசு கட்டேல்ல. சட்டைப் பைக்குள்ளதான் கிடக்கு.

சின்னம்மா: அடைவு கடை எத்தினை மணிக்குப் பூட்டுவான்?

சித்தப்பா: 6 மணிக்கு.

கம்பஸ் தம்பி: இப்ப 5.21. அப்பா, மோட்டச்சைக்கிளோட வாசலில நிக்கிறன், அடைவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு வாங்கோ.