ஒயின் பரிமாறும் பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயர்களை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: மலையுச்சி
ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் உணவகப் பொறுப்பில் இருக்கிறேன். ஒயின் மெனுவில் 14 பாட்டில்; பாதிக்கு மேல் நாசிக், நந்தி மலைப் பக்கத்துச் சரக்கு, மற்றது பிரான்ஸும் ஆஸ்திரேலியாவும். பரிமாறுகிற 9 பேரும் வாழப்பாடி, ஆத்தூர், நாகலூர்ப் பிள்ளைகள், நல்ல சூட்டிகை. 12 பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன், மனப்பாடமும் செய்துவிட்டார்கள், ஆனால் ஒருவர் "ஷாப்ளி என்ன திராட்சை?" என்று கேட்டதும் தம்பி "பிரான்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றான். அவன் முகம் வாடியதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. வேறு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: செவ்வாய்ப்பேட்டை
சார், பிரெஞ்சு லேபிளில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்காது, ஊர்தான் இருக்கும். ஊரைச் சொன்னாலே திராட்சையைச் சொன்ன மாதிரி. ஷாப்ளி என்றால் ஷார்டனே, பர்கண்டி சிவப்பு என்றால் அநேகமாகப் பினோ நுவார். நாசிக், ஆஸ்திரேலியா பாட்டிலில் திராட்சையையே பெரிதாகப் போட்டிருப்பார்கள். முதல் நாள் இது ஒன்று போதும், அந்த 12 பக்கத்தை எடுத்து வையுங்கள்.

ஷாம்பெயினுக்கு நம்ம ஜவ்வரிசியைச் சொல்லுங்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, இந்த வட்டாரத்துக்கு வெளியே செய்ததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. அதே கதைதான்: பிரான்ஸின் ஷாம்பெயின் வட்டாரத்தில் செய்ததுதான் ஷாம்பெயின், நாசிக்கில் அதே முறையில் நுரை வரவைத்தாலும் அது ஸ்பார்க்லிங் ஒயின். ஆத்தூர்ப் பையனுக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்காது.

பதில்: கூடுதுறை
சேலத்தில் ஹோட்டல் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவள் நான். பிரான்ஸின் போர்டோ ஒயின் வட்டாரத்துக்கு எப்போதும் பவானி கூடுதுறையைத்தான் பலகையில் வரைவேன். பவானியும் காவிரியும் சேர்கிற மாதிரி அங்கே கரோனும் தோர்தோன்யும் சேர்ந்து ஜிரோந்தாகிக் கடலுக்குப் போகிறது. கடலைப் பார்த்து நின்றால் இடது கரையில் சரளை மண், அது வெயில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் தாமதமாகப் பழுக்கிற கேபர்னே சாவிஞான் அங்கே. வலது கரையில் களிமண் அதிகம், அங்கே மெர்லோ. மட்டனுக்குத் துவர்ப்பாக, அழுத்தமாக வேண்டும் என்றால் இடது கரை, மென்மையாக வேண்டும் என்றால் வலது கரை, அவ்வளவுதான்.

அப்புறம் குளிரும் வெயிலும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு அதை உடம்பே சொல்லும். குளிர்ந்த ஊரில் திராட்சை மெதுவாகப் பழுக்கும், புளிப்பு தங்கும், ஷாப்ளி அப்படி. வெயில் ஊரில் சர்க்கரை ஏறும், அந்தச் சர்க்கரைதான் ஆல்கஹாலாகிறது, ஆஸ்திரேலியாவில் பரோசா என்ற ஊர்ப்பக்கத்து ஷிராஸ் திராட்சை ஒயின் கனமாக இருப்பது அதனால்தான்.

பதில்: நாகலூர்த் தம்பி
அண்ணா, நானும் பரிமாறுகிறவன்தான். இரண்டு வருஷம் ஒரு சொட்டுகூட வாயில் படாமல் ஒயினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அது ரொம்பக் கஷ்டம் அண்ணா, பொய் சொல்கிற மாதிரியே இருக்கும். இரண்டு கிளாஸை பக்கத்துல பக்கத்துல வைத்துக் காட்டுங்கள். மாலை போட்டிருப்பவர்கள், குடிக்காதவர்கள் மோந்து பார்க்கட்டும், அதிலேயே பாதி புரிந்துவிடும். பெயரை உச்சரிக்கத்தான் கூச்சம், ஆள் இல்லாத நேரத்தில் சத்தமாகச் சொல்லிப் பார்க்க விடுங்கள்.

மலையுச்சி
எல்லோருக்கும் நன்றி. நாளை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஷாப்ளியும் ஷிராஸும் திறக்கிறேன். கூடுதுறைப் படத்தை அந்தத் தம்பியையே வரையச் சொல்லப்போகிறேன்.