பழைய பிளாட்டரில் டி-ஷர்ட் வினைல்: மூலை கிழியுது

சேலம் அஞ்சு ரோடு கடை, 24 இன்ச் பழைய பிளாட்டர் (வினைல் வெட்டுற மெஷின்). ஸ்டிக்கர் சுத்தமா வெட்டுது. பியூ வினைல்ல (டி-ஷர்ட்ல சூடாக்கி ஒட்டுற ஷீட்) மட்டும் சின்ன எழுத்து மூலை கிழியுது, சில இடத்துல அடி ஷீட்டும் அறுபடுது. ஃபோர்ஸ் (பிளேடு அழுத்தம்) 120 கிராம்.

பதில் 1:
பிளேடு அதிகமா நீட்டியிருக்குங்க. முனை நகத்துல லேசா தட்டுப்பட்டாப் போதும். புது 45 டிகிரி பிளேடு போட்டு, 80 கிராம்ல ஆரம்பிச்சு பத்துப் பத்தா ஏத்துங்க. மூலை சரியா திரும்பலைன்னா ஆஃப்செட் (பிளேடோட நடு அச்சுக்கும் முனைக்கும் உள்ள தூரம்) பாருங்க, பெரும்பாலும் 0.25 மி.மீ. வேகத்தையும் பாதியாக்குங்க. பளபள பக்கம் கீழே, எழுத்து மிரர்ல (கண்ணாடியில தெரியுற மாதிரி இடவலமா திருப்பி). இதை மறந்தா மொத்தமும் வீண்!

பதில் 2:
எப்பவும் ஒரே இடத்துலதான் அறுபடுதா? அப்ப பிளேடுக்கு அடியில இருக்கிற பட்டையில பள்ளம் விழுந்திருக்கும். பட்டையை மாத்தாம ஃபோர்ஸைத் திருகிப் பிரயோஜனமில்லை. மினுமினுக்கிற கிளிட்டர் வினைலா இருந்தா 60 டிகிரி பிளேடு.

கேட்டவர்:
இடது ஓரத்துலதான் அறுபடுதுங்க. விரலால தடவினா பள்ளம் தெரியுது.