வங்கியின் தொழில்நுட்பப் பிரிவில் மாணவர் அறிமுகப் பயிற்சி: என் அனுபவம்

வங்கிகளின் தொழில்நுட்பப் பிரிவுகள் மாணவர்களுக்கு நடத்தும் குறுகிய அறிமுகப் பயிற்சியில் என்னதான் நடக்கிறது என்று இங்கே பலர் கேட்டிருக்கிறார்கள். கணினி அறிவியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் அப்படியொரு பயிற்சியில் கலந்துகொண்டவன் என்ற முறையில் நான் கண்டதை எழுதுகிறேன். இது இன்டர்ன்ஷிப் அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உண்மையான வாடிக்கையாளர் தரவையோ, இயங்கிக்கொண்டிருக்கும் அமைப்பையோ மாணவர் கையில் யாரும் கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. பணியாளர்களின் அருகில் உட்கார்ந்து அவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பது, கேள்வி கேட்பது, மாதிரித் தரவைக் கொண்டு ஒரு குழுப் பயிற்சியைச் செய்து காட்டுவது ஆகியவையே இதன் உள்ளடக்கம். நிறுவனத்தின் கொள்கைகளை விளக்கும் தொடக்க உரைகளும் உண்டு. அவற்றைப் பற்றி எழுத அதிகமில்லை.

எனக்கு மிகவும் பயன்பட்டது, பணப் பரிமாற்ற அமைப்பைப் பராமரிக்கும் மூத்த பொறியாளர் ஒருவர் நடத்திய அமர்வு. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் செல்லும் வழியை வெண்பலகையில் கட்டங்களாகவும் அம்புகளாகவும் வரைந்துவிட்டு, ஒவ்வோர் அம்பின் மேலும் விரலை வைத்து, "இந்த இடத்தில் தொடர்பு அறுந்தால் என்ன ஆகும்?" என்ற ஒரே கேள்வியை எங்களிடம் கேட்டுக்கொண்டே போனார். அனுப்புபவரின் கணக்கில் பற்று எழுதப்பட்டு, பெறுபவரின் கணக்கில் வரவு எழுதப்படுவதற்கு முன் சர்வர் நின்றுபோனால், இரண்டு பதிவுகளும் சேர்ந்து நிலைபெற வேண்டும் அல்லது இரண்டுமே இல்லாமல் போக வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்த டேட்டாபேஸ் விதி. ஆனால் இரண்டு கணக்குகளும் இரண்டு வெவ்வேறு வங்கிகளில் இருந்தால், ஒரே டேட்டாபேஸின் விதி அங்கே செல்லாது. கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் திரும்பி வராத நிலையில், அனுப்பிய அமைப்புக்குப் பணம் போனதா இல்லையா என்று தெரியாது. மறுபடி அனுப்பினால் இருமுறை போகக்கூடும். அனுப்பாவிட்டால் ஒருமுறைகூடப் போகாமல் இருக்கக்கூடும்.

இதற்காகத்தான் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்த அடையாள எண் ஒன்று தரப்படுகிறது. அதே எண்ணுடன் கோரிக்கை மீண்டும் வந்தால், பெறும் அமைப்பு புதிதாகப் பணத்தை நகர்த்தாமல் முதலில் கொடுத்த பதிலையே திரும்பக் கொடுக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் இரு தரப்புக் கணக்கேடுகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கும் ரீகன்சிலியேஷன் வேலை தவறாமல் நடக்கிறது. பொருந்தாமல் நிற்கும் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு மனிதர் காரணம் கண்டுபிடிக்கும் வரை அது நிலுவைப் பட்டியலிலேயே இருக்கும். கல்லூரியில் ஒரு நிரல் சரியாக ஓடினால் மதிப்பெண் கிடைக்கிறது. இங்கே அது பாதியில் நின்றாலும் கணக்கு சரியாக இருக்குமா என்பதிலிருந்துதான் பேச்சே தொடங்குகிறது. இந்தப் பயிற்சியிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துச்செல்லுங்கள் என்று யாராவது சொன்னால், நான் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துச்செல்வேன்.

ஏடிஎம் பற்றிய விளக்கத்திலும் இதே சிந்தனை தொடர்ந்தது. அட்டைப் பரிவர்த்தனைகளுக்கான செய்திகள் நெடுங்காலமாக ஐஎஸ்ஓ 8583 என்ற தரநிலையின்படி பரிமாறப்படுகின்றன. பணம் எடுக்க ஒப்புதல் கேட்கும் செய்திக்கு ஈடாக, அந்தப் பரிவர்த்தனையைத் திருப்பி அழிக்கச் சொல்லும் செய்தியும் அதில் இருக்கிறது. இயந்திரம் நோட்டுகளை வெளியே தள்ள முடியாமல் போனால், அந்தத் திருப்பச் செய்தி சென்று கணக்கிலிருந்து கழிக்கப்பட்ட தொகையை மீண்டும் சேர்க்கும். ரகசிய எண்ணைச் சரிபார்க்கும் வேலை, எளிதில் திறந்து பார்க்க முடியாத தனிப் பாதுகாப்புக் கருவியின் உள்ளேயே முடிந்துவிடுகிறது. நிரல் எழுதும் பொறியாளர் உட்பட யாரும் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை.

பழைய தொழில்நுட்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கியில் இன்னும் மெயின்பிரேம் எனும் பெருங்கணினியும் கோபால் (COBOL) எனும் பழைய நிரல்மொழியும் இருக்கின்றன என்று கேட்டதும் முகம் சுளிக்கும் மாணவர்கள் பலர். கோபால் மொழிக்கான பணி 1959ஆம் ஆண்டில் தொடங்கியது. இன்றைய ஐபிஎம் மெயின்பிரேம்களின் மூதாதையான சிஸ்டம்/360 அறிவிக்கப்பட்டது 1964ஆம் ஆண்டில். இவை நீடிப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. 0.1, 0.2 ஆகிய எண்களை, பின்னங்களைத் தோராயமாகவே சேமிக்கும் மிதவைப் புள்ளி முறையில் கூட்டினால் பல மொழிகளில் 0.30000000000000004 என்ற விடை வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோபால் தொடக்கம் முதலே பதின்ம எண்களை அவற்றின் தசம இடங்களோடு அப்படியே கையாள்வதற்காக வடிவமைக்கப்பட்டது. லட்சக்கணக்கான கணக்குகளுக்கு இரவு நேரத்தில் மொத்தமாக ஒரே ஓட்டத்தில் வட்டி கணக்கிடும் பேட்ச் வேலைக்கு இந்தத் துல்லியம் இன்றியமையாதது. ஆயினும் அந்த நிரல்களை எழுதியவர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டே போகிறார்கள் என்பது உண்மையான கவலை என்று அங்கிருந்தவர்களே ஒளிக்காமல் சொன்னார்கள்.

ஒரு சிறிய மாற்றத்தைக்கூட வங்கி ஏன் இவ்வளவு மெதுவாகச் செய்கிறது என்ற கேள்வி எங்கள் குழுவில் எழுந்தது. ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் அளிக்கும் மேக்கர்-செக்கர் முறையைக் காட்டிய மேலாளர், பதிலாக நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனத்துக்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று நேர்ந்ததை விவரித்தார். புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒன்றில் மட்டும் அது ஏற்றப்படவில்லை. அந்த ஒன்றில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரற்பகுதி உயிர்பெற்று, பங்குகளை வாங்கவும் விற்கவுமான ஆணைகளை அனுப்பத் தொடங்கியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் நிறுவனத்துக்கு 44 கோடி டாலருக்கும் மேல் இழப்பு. ஏற்றிய வேலையை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்கவில்லை என்பதைப் பின்னர் வெளியான அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் அறிக்கை குறிப்பிட்டது.

அதே பேச்சில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புதிய கணினி அமைப்புக்கு மாறிய நிகழ்வும் வந்தது. வாடிக்கையாளர் தரவு சரியாகவே இடம் மாறியிருந்தும், அதைத் தாங்க வேண்டிய தளம் உடனே தடுமாறியதால், ஏராளமானோர் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தன. மெதுவாகச் செய்வது எரிச்சலூட்டுகிறது என்று நினைக்கும் மாணவர் இந்த இரண்டு நிகழ்வுகளையும் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குழுப் பயிற்சியாக, மாதந்தோறும் குறித்த தேதியில் ஒரு தொகையைத் தானாக அனுப்பும் வசதியை வடிவமைக்கச் சொன்னார்கள். எல்லாக் குழுக்களும் திரை எப்படி இருக்க வேண்டும் என்பதில் இறங்கின. எங்கள் மேசைக்கு வந்த செயல்பாட்டுப் பிரிவைச் சேர்ந்த அம்மையார், நிரல் எழுதத் தெரியாதவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, மிகப் பொறுமையாகக் கேட்டார்: "31ஆம் தேதி அனுப்பச் சொன்னவருக்குப் பிப்ரவரியில் என்றைக்கு அனுப்புவீர்கள்? அன்று விடுமுறையாக இருந்தால் முந்தைய நாளா, அடுத்த நாளா? காலையில் இருப்பு போதவில்லை, மதியம் சம்பளம் வந்துவிட்டது என்றால் மறுபடி முயல்வீர்களா, அல்லது அந்த மாதம் விட்டுவிடுவீர்களா? விட்டுவிட்டால் அவருக்கு யார் சொல்வது?" அதற்குப் பிறகு எங்கள் நேரம் முழுவதும் இந்த விதிகளை எழுதுவதிலேயே சென்றது. திரை மிக எளிமையாகவே அமைந்தது. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. வங்கித் தொழில்நுட்பம் என்றால் நிரலாளர்கள் மட்டும் என்று எண்ணி விண்ணப்பிக்கத் தயங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சோதனையாளர்கள், வணிகப் பகுப்பாய்வாளர்கள், மோசடித் தடுப்புக் குழுவினர் என்று அங்கே பல வகை அறிவு வேண்டியிருக்கிறது. எங்களோடு புள்ளியியல் படித்த மாணவர்களும் இருந்தார்கள். மோசடியைக் கண்டறியும் விதியை இறுக்கினால் நேர்மையான வாடிக்கையாளரின் அட்டை மறுக்கப்படும், தளர்த்தினால் திருடனுக்கு வழி கிடைக்கும் என்ற சிக்கலை எங்களைவிட அவர்கள் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள்.

இந்தப் பயிற்சியில் எனக்குக் குறையாகத் தோன்றியது, எல்லாம் பகலிலேயே நடந்ததுதான். நாள் முடிப்பு வேலைகள் ஓடும் இரவு நேரத்தில் அவற்றைக் கண்காணிப்பவர்களுடன் சிறிது நேரமாவது இருக்க வழி செய்திருக்கலாம்.

போகவிருப்பவர்களுக்கு: நிதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டேட்டாபேஸ் பரிவர்த்தனை, வரவு-பற்று இரட்டைப் பதிவு முறை ஆகிய இரண்டையும் முன்கூட்டியே படித்துவிட்டுச் செல்லுங்கள். கேட்பது அனைத்தும் எளிதில் விளங்கும். எந்த மொழியில் எழுதுகிறீர்கள் என்று கேட்பதைவிட, கடைசியாக ஓர் அமைப்பு நின்றபோது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பணியாளர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விரிவாகப் பதில் சொல்கிறார்கள். உள்ளே காணும் திரைகள், பெயர்கள், அமைப்பு வரைபடங்கள் ஆகியவற்றை வெளியே பகிர வேண்டாம். அடுத்த ஆண்டு இன்டர்ன்ஷிப்புக்கான நேர்காணலில் இந்தப் பயிற்சியைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். நான் பிப்ரவரி மாதத்தையும் 31ஆம் தேதியையும் பற்றித்தான் பேசினேன். கேட்டவர் தொடர்ந்து அதைப் பற்றியே வினவியதால், நேர்காணலின் பெரும்பகுதி அதிலேயே கழிந்தது.